பத்துக் கேமரா, ஒரே புகார்: ‘படம் வரவில்லை’ – வெளிப்புற நேரலைப் பக்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

‘படம் வரவில்லை’ என்று இரண்டே சொல்லில் வரும் புகாருக்குள் குறைந்தது நான்கு வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒருவருக்குக் கறுப்புச் சதுரம். இன்னொருவருக்கு ஓயாமல் சுற்றும் வட்டம். மற்றொருவருக்குப் படம் தெளிவாகவே தெரியும், ஆனால் மதியத்தில் காலை வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் கிடைக்கும் முதல் ஆலோசனை மட்டும் ஒன்றுதான்: ‘கேச்சை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கோப்புகளை) அழித்துப் பாருங்கள்.’ இங்கே ஆராயும் நான்கு கோளாறுகளில் ஒன்றுக்குத்தான் அது உதவியது. அதுவும் பக்கத்தை அடுத்த முறை திறக்கும் வரைதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிப் பக்கம். பெரும்பாலான வெளிப்புற வெப்கேம் தளங்களில் காணும் மூன்று வகைப் படங்களும் அதில் இருக்கின்றன. மேலே பள்ளத்தாக்கைக் காட்டும் முதன்மைக் கேமரா: 1080பி, நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), எச்.எல்.எஸ். முறையில் (வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை) ஒரு சி.டி.என். (கோப்புகளின் பிரதிகளை வைத்து வழங்கும் சர்வர் வலையமைப்பு) வழியாக வருகிறது. அதன் கீழே எட்டுச் சிறிய கேமராக்கள்: 640×480 அளவு, நொடிக்கு 5 சட்டகம், எம்ஜெபெக் முறை (தொடர்ந்து வரும் தனித்தனி ஜேபெக் படங்கள்), எட்டும் ஒரே சர்வர் பெயரிலிருந்து. அடியில் வானிலைக் கேமரா ஒன்று: அது வீடியோவே இல்லை, 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஜேபெக் படம். பார்ப்பவருக்குப் பத்தும் ‘லைவ்’தான். பிரவுசருக்கு அவை மூன்று வேறு வேலைகள், மூன்றும் மூன்று விதமாகக் கெடும்.

வந்த புகார்கள்:

முதன்மைக் கேமரா சில கணினிகளில் குரோமில் கறுப்பாக இருக்கிறது. ஐபோனில் நன்றாக ஓடுகிறது.
சிறிய கேமராக்களில் ஆறு வருகின்றன, கடைசி இரண்டு வருவதே இல்லை.
வானிலைக் கேமராவின் கடிகாரம் நகரவில்லை.
பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் முதன்மைப் படம் உறைந்து நிற்கிறது.

எதையும் தொடும் முன்

கேச்சை அழிப்பதிலும் பிரவுசரை மீண்டும் நிறுவுவதிலும் ஒரு கெடுதல் உண்டு. கோளாறு போகாவிட்டாலும் தடயம் போய்விடும். ஆகவே முதல் மூன்று நிமிடம் பார்ப்பதற்கு மட்டும்.

படத்தின் மூலையில் பதிந்திருக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடம் (வானிலைக் கேமராவுக்கு 2 நிமிடத்துக்கு மேல்) கழித்து மறுபடி பாருங்கள். நேரம் உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. கேமரா வேறு நேர மண்டலத்தில் இருக்கலாம், யுடிசி (உலகப் பொது) நேரத்தைக் காட்டலாம், கோடைக்கால மணி மாற்றத்தை அதில் மாற்ற மறந்திருக்கலாம். நகர்கிறதா என்பதே கேள்வி. நகர்ந்தால் நேரலை உயிரோடுதான் இருக்கிறது. எச்.எல்.எஸ்.ஸில் அரை நிமிடத் தாமதம் கோளாறே அல்ல: 6 நொடித் துண்டுகளாக வரும் ஸ்ட்ரீமில் பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்னால் தொடங்கும். அதுவே 18 நொடி. கேமராவும் சர்வரும் எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கு மேல்.

பிறகு அதே பக்கத்தை வேறு கருவியில், வேறு இணைப்பில் திறந்து பாருங்கள். கைபேசியை வைஃபையிலிருந்து எடுத்து மொபைல் டேட்டாவில் போட்டால் போதும். இரண்டிலும் ஒரே நிமிடத்தில் படம் நின்றிருந்தால் பிரவுசரை விட்டுவிடலாம். கேமராவோ அதன் இணைப்போ இடையிலுள்ள சர்வரோதான் படுத்திருக்கிறது.

மூன்றாவதாக எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸில் ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, அதன் பிறகு பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு திறந்தால் நடந்து முடிந்தவை பட்டியலில் இருக்காது. அங்கே இருக்கும் ‘டிசேபிள் கேச்’ பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இது பலரை ஏமாற்றும் இடம்: அந்த டிக் இருக்கும்போது டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும் வரை கேச் கோளாறு மறைந்துவிடும், மூடியதும் திரும்பி வரும்.

இன்காக்னிட்டோ ஜன்னலும் நல்ல சோதனைதான், ஆனால் அது இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றுகிறது: கேச் புதிது, எக்ஸ்டென்ஷன்களும் பொதுவாக அணைந்திருக்கும். அங்கே படம் வந்தால் இரண்டில் எது காரணம் என்று இன்னும் தெரியாது. எக்ஸ்டென்ஷன்களைச் சாதாரண ஜன்னலில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதன்மைக் கேமரா: ஐபோனில் ஓடுகிறது, குரோமில் கறுப்பு

‘சஃபாரியில் வருகிறது, குரோமில் வரவில்லை’ என்றதும் பிரவுசர் பழையது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இங்கே பழைய பதிப்பு எதுவும் இல்லை. சந்தேகிக்க வேண்டியவை இரண்டு, இரண்டும் வெளியில் ஒரே மாதிரி தெரியும்.

முதலாவது கோர்ஸ் அனுமதி. எச்.எல்.எஸ். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை. சஃபாரி அதைத் தானே இயக்கிக்கொள்ளும். மற்ற பிரவுசர்களுக்காகத் தளங்கள் ஜாவாஸ்கிரிப்ட் பிளேயர் ஒன்றை வைத்திருக்கும். அது எம்3யு8 பட்டியலையும் (துண்டுகளின் முகவரிகள் உள்ள கோப்பு) துண்டுகளையும் தானே இறக்கி, பிரவுசரின் வீடியோ பகுதிக்கு ஊட்டும். ஸ்கிரிப்ட் வேறு சர்வரிலிருந்து கோப்பு எடுக்க அந்தச் சர்வரின் அனுமதித் தலைப்பு (பதிலோடு வரும் ‘ஹெடர்’ குறிப்பு) வேண்டும். ஸ்ட்ரீமை சி.டி.என்.னுக்கு மாற்றிவிட்டு அந்தத் தலைப்பைச் சேர்க்க மறந்தால் சஃபாரி ஓடும், குரோமும் ஃபயர்பாக்ஸும் கறுப்பாகும். டெவலப்பர் டூல்ஸின் பிழைச் செய்திப் பகுதியான கன்சோலில் ‘கோர்ஸ்’ என்ற சொல்லோடு சிவப்பு வரி நிற்கும். துண்டுக் கோப்புகளை இறக்கும் கட்டமே வராது.

இந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. பட்டியல் 200 (வெற்றி) என்ற நிலையோடு வந்தது. தொடக்கக் கோப்பும் முதல் துண்டும்கூட முழு அளவில் இறங்கின. அதற்குப் பிறகுதான் நின்றது. கோப்பு கைக்கு வந்தும் படம் இல்லையென்றால் தடை இணைப்பில் இல்லை, டிகோடரில் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் பகுதியில்) இருக்கிறது. கன்சோலில் பிளேயர் எழுதிய பிழையும் இரண்டாவது சந்தேகமான கோடெக்கைத்தான் (வீடியோவைச் சுருக்கும் முறை) சுட்டியது: வந்த வீடியோ எச்.264 அல்ல, எச்.265.

கேமராவின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பித்தாலோ அமைப்பைத் தொடக்க நிலைக்குத் திருப்பினாலோ முதன்மை ஸ்ட்ரீமின் கோடெக் எச்.265-க்கு மாறிவிடுவது உண்டு. பதிவுப் பெட்டிக்கு அது நல்லது, ஏறக்குறைய பாதி அளவில் அதே தரம் கிடைக்கும். பிரவுசருக்கு அப்படியில்லை. ஆப்பிள் கருவிகள் 2017 முதல் எச்.265 ஓட்டுகின்றன. குரோம் 2022-இல் வந்த 107-ஆம் பதிப்பிலிருந்து ஓட்டுகிறது, ஆனால் கணினியின் கிராஃபிக்ஸ் வன்பொருள் அதை டிகோட் செய்யும் என்றால்தான். ஃபயர்பாக்ஸ் விண்டோஸில் 134-ஆம் பதிப்பிலிருந்துதான். இன்டெல் சிப்களில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கு முந்தையவை இந்த வேலைக்கு உதவாது. அதனால்தான் ஒரே பதிப்பு குரோம் ஒரு கணினியில் படம் காட்டி, பக்கத்துக் கணினியில் கறுப்பாக நின்றது. எம்3யு8 பட்டியலில் கோடெக் குறிப்பு இருந்தால் இன்னும் சுலபம்: ‘ஏவிசி1’ என்று தொடங்கினால் எச்.264, ‘எச்விசி1’ அல்லது ‘எச்இவி1’ என்றால் எச்.265.

இந்த இடத்தில் வழக்கமான ஆலோசனை ஒன்று நிலைமையை மோசமாக்கியது. கறுப்பு அல்லது பச்சைப் படம் என்றால் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணையுங்கள்’ என்பார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் கெட்டிருந்தால் அது சரியான மருந்து. ஆனால் எச்.265-ஐ மென்பொருளால் டிகோட் செய்யும் வசதி குரோமில் இல்லை. ஆகவே அதுவரை ஓடிக்கொண்டிருந்த கணினியிலும் அணைத்ததும் படம் போய்விட்டது. இரண்டையும் பிரிக்க எளிய வழி: வேறு எந்தத் தளத்தின் வீடியோவும் பச்சையாகவோ கிழிந்தோ தெரிந்தால் டிரைவர், இந்த ஒரு ஸ்ட்ரீம் மட்டும் கறுப்பு என்றால் கோடெக். அணைத்துப் பார்த்துப் பலனில்லை என்றால் மறுபடி போட்டுவிடுங்கள். அப்படியே விட்டால் எல்லா வீடியோவும் சிபியுவின் தலையில் விழும்.

பார்வையாளர் பக்கத்தில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. தளம் 720பி போன்ற இரண்டாம் தரத்தைக் கொடுத்திருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், பல கேமராக்களில் துணை ஸ்ட்ரீம் எச்.264-ஆகவே இருக்கும். உண்மையான திருத்தம் கேமராவில்: முதன்மை ஸ்ட்ரீமை எச்.264-க்குத் திருப்புவது. 1080பி, 25 சட்டகத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் போதும். பார்ப்பவருக்கு அது மணிக்கு 1.8 ஜிபி என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தால் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

கோடெக்கை மாற்றும்போது கீஃப்ரேம் (முழுப் படமாக வரும் சட்டகம்) இடைவெளியையும் பார்க்க வேண்டும். 50 சட்டகத்துக்கு ஒன்று என்றால் 2 நொடி. 6 நொடித் துண்டு மூன்று கீஃப்ரேமில் சரியாக வெட்டுப்படும். கேமராவின் ‘ஸ்மார்ட்’ சுருக்க வசதி இதை 250 சட்டகம் வரை நீட்டிவிட்டால் துண்டு 10 நொடியாகும். மூன்று துண்டு என்றால் தாமதம் 30 நொடி, அதோடு 6 நொடி என்று அறிவித்த பட்டியலில் 10 நொடித் துண்டு வருவதால் சில பிளேயர்கள் திக்கும். நேரலைக்கு அந்த ஸ்மார்ட் வசதி அணைந்தே இருக்கட்டும்.

ஏழும் எட்டும் வராத கேமராக்கள்

இந்தப் புகாரில் இருக்கும் எண்ணிக்கையே பதில். பிரவுசரும் சர்வரும் பேசும் பழைய முறையான எச்டிடிபி/1.1-இல் ஒரு சர்வர் பெயருக்கு குரோமும் ஃபயர்பாக்ஸும் ஒரே நேரத்தில் 6 இணைப்புதான் திறக்கும். சாதாரணப் படம் இறங்கியதும் இணைப்பு விடுபடும், அடுத்தது ஏறும். எம்ஜெபெக் அப்படியல்ல. ஒரே இணைப்பில் ஜேபெக் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். ஆறு கேமராவும் ஆறு இணைப்பையும் பிடித்துக்கொண்டால் ஏழாவது வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நெட்வொர்க் பட்டியலில் அதன் நிலை ‘பெண்டிங்’. நேர விவரத்தைத் திறந்தால் ‘ஸ்டால்டு’ என்ற பட்டை நீண்டுகொண்டே போகும். பிழை எண் எதுவும் இருக்காது. கோரிக்கை கணினியை விட்டுக் கிளம்பவே இல்லை என்பதால் சர்வர் பதிவிலும் ஒன்றும் இருக்காது. தள நிர்வாகி ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று சொல்வது இதனால்தான், அவர் பார்க்கும் பதிவில் பொய்யும் இல்லை.

இதன் பக்க விளைவு இன்னும் குழப்பும். அதே சர்வரில் இருக்கும் மற்றக் கோப்புகளும் வரிசையில் மாட்டிக்கொள்ளும்: பொத்தான் அழுத்தினால் பதில் இல்லை, தேதியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று வரும். இரண்டாவது டேபில் அதே பக்கத்தைத் திறந்தால் அதில் ஒரு கேமராவும் வராமல் போகலாம், ஆறு என்ற கணக்கு டேபுக்கு அல்ல, சர்வர் பெயருக்கு. ‘ரெண்டு டேபில் திறந்தால் சர்வர் தடை செய்கிறது’ என்று நினைப்பவர்களுக்கு உண்மையில் தடை போடுவது அவர்களுடைய பிரவுசரே.

பார்ப்பவர் செய்யக்கூடியது: அந்தத் தளத்தின் மற்ற டேபுகளை மூடுங்கள், வேண்டிய கேமராவை மட்டும் தனியாகத் திறங்கள். ஃபயர்பாக்ஸின் உள் அமைப்பில் இந்த எண்ணைக் கூட்டலாம், ஆனால் பரிந்துரைக்க முடியாது. நெரிசல் அப்படியே கேமரா சர்வருக்கு நகரும், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் தெரியும்: ஒரு சட்டகம் சுமார் 40 கேபி என்றால் நொடிக்கு 5 சட்டகம் 200 கேபி, அதாவது 1.6 மெகாபிட். ஆறு கேமராவுக்கு 9.6, எட்டுக்கு 12.8. ஒரு பார்வையாளருக்கே இவ்வளவு.

தளத்தில் மூன்று வழி உண்டு. கேமராக்களுக்கு முன்னால் எச்டிடிபி/2 பேசும் பிராக்ஸி (இடைநிலை சர்வர்) வைக்கலாம். அப்போது ஒரே இணைப்பில் எல்லாம் ஓடும். பிரவுசர்கள் எச்டிடிபி/2-ஐ எச்டிடிபிஎஸ் மீது மட்டுமே பேசும் என்பதால் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் கேமராக்களை இரண்டு சர்வர் பெயர்களில் பிரிக்கலாம். மூன்றாவதுதான் சிறந்தது: சிறிய கட்டங்களுக்கு நேரலையே வேண்டாம். 5 நொடிக்கு ஒருமுறை மாறும் நிழற்படம் போதும், சொடுக்கினால் மட்டும் எம்ஜெபெக் ஓடட்டும். திரையில் தெரியாத கட்டங்களை ஏற்றாமலும் விடலாம்.

நகராத கடிகாரம்

வானிலைக் கேமராவின் படக்கோப்பு எப்போதும் ஒரே பெயர், ஒரே முகவரி. 2 நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா அதன்மேல் புதிய படத்தை எழுதுகிறது; பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் அதே முகவரியைத் திரும்பக் கொடுக்கிறது. பிரவுசருக்கு அது தெரிந்த முகவரி, படம் கையிலேயே இருக்கிறது, மறுபடி ஏன் இறக்க வேண்டும்? நெட்வொர்க் பட்டியலில் அளவு காட்டும் இடத்தில் ‘மெமரி கேச்’ அல்லது ‘டிஸ்க் கேச்’ என்று வந்தது, அல்லது அடுத்த 2 நிமிடத்துக்குப் புதிய வரியே வரவில்லை.

கன்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அழுத்தினால் அந்த நேரத்துக்குப் புதுப் படம் வரும். கேச்சை அழிப்பதும் இதைத்தான் செய்தது, கூடவே மற்றத் தளங்களின் கோப்புகளையும் துடைத்தது. படத்தின் முகவரியைத் தனி டேபில் திறந்து, கடைசியில் கேள்விக்குறியும் ஏதாவதொரு எண்ணும் சேர்த்து என்டர் தட்டிப் பாருங்கள். புதிய நேரம் தெரிந்தால் கேச்தான் குற்றவாளி. தெரியாவிட்டால் பதிலின் தலைப்புகளில் ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ நேரத்தைப் பாருங்கள். அதுவும் பழையதென்றால், இடையில் ஒரு சி.டி.என். பழைய பிரதியை வைத்திருக்கலாம். ‘ஏஜ்’ தலைப்பு இருந்தால் அந்தப் பிரதிக்கு எத்தனை நொடி வயது என்று சொல்லும். ‘ஏஜ்’ சிறிதாக இருந்தும் படம் பழையதென்றால் கேமரா அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

தளத்தின் திருத்தம் இரண்டு வரி: படத்துக்கு ‘நோ-கேச்’ தலைப்பு, ஸ்கிரிப்டில் முகவரிக்குப் பின்னால் அந்த நேரத்தின் எண். சூரிய மின்கலத்தில் ஓடும் கேமராவாக இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்பது வேண்டுமென்றே வைத்த அளவாக இருக்கலாம். அதைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் பாதிப் புகார் குறையும்.

வேறு டேபுக்குப் போனால் உறையும் படம்

பின்னணி டேபில் ஸ்கிரிப்ட்களின் டைமரை பிரவுசர் மட்டுப்படுத்துகிறது. குரோமில் நொடிக்கு ஒருமுறை என்று இருந்தது, 88-ஆம் பதிப்பிலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபுகளில் நிமிடத்துக்கு ஒருமுறை வரை குறையும். ஒலி வரும் டேபுக்கு விலக்கு உண்டு. வெப்கேம் பெரும்பாலும் ஊமை என்பதால் விலக்கு கிடைப்பதில்லை.

இந்த ஸ்ட்ரீமின் பட்டியலில் எப்போதும் 6 துண்டுகள், மொத்தம் 36 நொடி. பிளேயர் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்தால் அது கேட்க நினைத்த துண்டு பட்டியலிலிருந்து போயிருக்கும். சர்வரில் அழிந்திருந்தால் 404 (கோப்பு இல்லை). சில பிளேயர்கள் தாண்டிப்போய் நேரலை முனையைப் பிடிக்கும், சில அங்கேயே நிற்கும். உறைந்த படத்துக்குப் பக்கத்தை மறுபடி ஏற்றினாலே போதும். நாள் முழுதும் ஓடவிட வேண்டுமென்றால் தனி ஜன்னலில் திறந்து, வேறு ஜன்னலால் முழுக்க மறைக்காமல் வையுங்கள். குரோமின் மெமரி சேவரிலும் எட்ஜின் உறங்கும் டேப் அமைப்பிலும் அந்தத் தளத்தை விலக்குப் பட்டியலில் சேருங்கள். தளத்தின் பக்கம் பட்டியலை 10, 12 துண்டாக நீட்டலாம், டேப் மறுபடி தெரிந்ததும் நேரலை முனைக்குத் தாவும்படி பிளேயரை அமைக்கலாம்.

சோதனையில் விலக்கப்பட்டவை

விளம்பரத் தடுப்பான் தடுத்திருந்தால் நெட்வொர்க் பட்டியலில் ‘பிளாக்டு’ என்றும், கன்சோலில் ‘பிளாக்டு பை கிளையன்ட்’ என்றும் வரும். இங்கே இல்லை. எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் எச்டிடிபி கேமரா முகவரி இருந்தாலும் கறுப்புதான்: குரோம் 80 முதல் வீடியோ முகவரியைத் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிப் பார்த்து, கிடைக்காவிட்டால் விட்டுவிடும். அதுவும் இல்லை. அலுவலக இணைப்பில் மட்டும் வராமல் வீட்டில் வந்தால் முகவரியில் 8080, 8081 போன்ற போர்ட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபயர்வால்கள் 80, 443 தவிர மற்றதை விடாது.

தொடங்காமல் நிற்கும் படத்தில் பிளே பொத்தான் தெரிந்தால் அது வீடியோ தானாக ஓடுவதற்கு பிரவுசர் போடும் தடை. ஒலியுள்ள வீடியோவை குரோம் 66 முதல் தானாக ஓடவிடுவதில்லை. ஐபோனில் லோ பவர் மோட் போட்டிருந்தால் ஊமை வீடியோவும் தானாகத் தொடங்காது. ‘பிளக்இன் தேவை’ என்று கேட்கும் பக்கம் ஃப்ளாஷ் காலத்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடுவதே தடுக்கப்பட்டது. எதை நிறுவினாலும் பயனில்லை, நிறுவச் சொல்லும் இணைப்பை அழுத்தாமல் இருப்பதே நல்லது.

பழைய ஆண்ட்ராய்டில் பக்கமே சான்றிதழ்ப் பிழையோடு நின்றால் முதலில் கருவியின் தேதியைப் பாருங்கள். தேதி சரி, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையது என்றால் புதிய மூலச் சான்றிதழ்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். தன் சான்றிதழ்த் தொகுப்பைத் தானே சுமந்துவரும் ஃபயர்பாக்ஸ் அந்தக் கருவியில் இருந்தால் அதில் திறந்து பார்க்கலாம்.

திருத்தங்களுக்குப் பிறகும் ஒரு புகார் மிஞ்சியது: மாலையிலும் மழையிலும் முதன்மைப் படம் திக்குகிறது. அதற்கும் பிரவுசருக்கும் தொடர்பில்லை. இருட்டில் சென்சார் இரைச்சல் கூடும், மழைத்துளியும் ஆடும் கிளையும் ஒவ்வொரு சட்டகத்தையும் மாற்றும்; மாறும் பிட்ரேட்டில் இருக்கும் கேமரா அதையெல்லாம் அனுப்பப் பார்த்து மொபைல் இணைப்பின் பதிவேற்ற அளவைத் தாண்டிவிடும். உச்ச வரம்பை 4 மெகாபிட்டில் கட்டிய பிறகு மழையில் படம் கொஞ்சம் மங்கியது, நிற்கவில்லை.

நிர்வாகிக்கு எழுதும்போது ‘படம் வரவில்லை’ என்பதோடு இவற்றையும் சேருங்கள்: எந்தக் கேமரா, படத்தில் தெரிந்த நேரம், உங்கள் கடிகார நேரமும் நேர மண்டலமும், பிரவுசரின் பதிப்பு எண், நெட்வொர்க் பட்டியலில் நின்றுபோன கோப்பின் பெயர், அதன் நிலை எண் அல்லது ‘பெண்டிங்’. நெட்வொர்க் பகுதியிலிருந்து முழுப் பதிவையும் ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். நிர்வாகி கேட்டால் மட்டும், இன்காக்னிட்டோவில் எடுத்து அனுப்புங்கள். சாதாரண ஜன்னலில் எடுத்தால் அதற்குள் உங்கள் குக்கிகளும் போய்ச் சேரக்கூடும்.